காவேரிப் பாட்டை நான்கு அடியாகக் கோப்பதா, எட்டு வரியாகக் கோப்பதா?

அச்சுக்கோப்பன்

மயிலாடுதுறையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், இவைதான் நமக்குச் சோறு. இப்போது ஒரு கல்லூரியின் முத்தமிழ் விழாவுக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கானல்வரியில் வரும் ஆற்றுவரிப் பாட்டு ஆறையும் மேடையில் பாடப்போகிறார்கள். முதல் மூன்று கோவலன் பாடுவது, அடுத்த மூன்று மாதவி பாடுவது. கேட்க வருகிறவர்கள் கையிலும் வரிகள் இருக்க வேண்டுமாம்.

வந்த பிரதி இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று பழைய புத்தகத்தின் ஜெராக்ஸ். பாட்டுக்கு நான்கு நீள அடி. மற்றது இணையத்தில் எடுத்த, சந்தி பிரித்த பாடம். அதே பாட்டு எட்டு வரி. புத்தகம் கிரவுன் சைஸ். 14 பாயிண்டில் நீள அடி ஒரு வரிக்குள் அடங்காமல் வால் கீழே இறங்கும். எட்டு வரி என்றால் அழகாக அடங்கும். ஆனால் தாள் அகலத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க மனசில்லை. பாட்டின் கட்டு என்ன சொல்கிறதோ அதன்படி கோக்கலாம் என்று பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த நேர், நிரை என்ற அசை வகைகள் இன்னும் மறக்கவில்லை. எட்டு வரிப் பாடத்தை அசை பிரித்துப் பார்த்தேன். கோவலனின் முதல் பாட்டு இது:

திங்கள் மாலை வெண்குடையான்
சென்னி செங்கோல் அதுவோச்சிக்
கங்கை தன்னைப் புணர்ந்தாலும்
புலவாய் வாழி காவேரி
கங்கை தன்னைப் புணர்ந்தாலும்
புலவா தொழிதல் கயற்கண்ணாய்
மங்கை மாதர் பெருங்கற்பென்று
அறிந்தேன் வாழி காவேரி

திங்/கள், மா/லை, வெண்/குடை/யான். இரண்டு மாச்சீர் (நேரில் முடியும் ஈரசை), ஒரு காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசை). அடுத்தடுத்த வரிகளும் அப்படியே ஓடுகின்றன. ஏழாம் வரியில் போய் இடிக்கிறது. பெருங்/கற்/பென்/று, நான்கு அசை. ஜெராக்ஸைப் பார்த்தால் 'பெருங்கற்பென் றறிந்தேன்' என்று இருக்கிறது. சரி என்று அதையே போட்டு ப்ரூஃப் அனுப்பினேன். 'றகரம் மொழிக்கு முதலில் வராது, பிழை' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார்கள். மாதவியின் முதல் பாட்டில் இன்னொரு இடம். 'கருங்கயற்கண் விழித்தொல்கி' என்ற வரி இரண்டே சீராக நிற்கிறது.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாம் வரியே ஐந்தாம் வரியாகத் திரும்ப வருகிறது. கீர்த்தனைப் புத்தகத்தில் போடுவதுபோல் '(கங்கை...)' என்று சுருக்கினால் பக்கம் மிச்சமாகும் என்கிறார்கள். சுருக்கலாமா?

கொள்ளிடத்தார்

தம்பி, முப்பது வருடம் பிளாக்போர்டில் அசை பிரித்துப் போட்ட கை. வரிசையாகச் சொல்கிறேன்.

அடி எது என்பதை எதுகை சொல்லிவிடும். திங்கள், கங்கை, கங்கை, மங்கை: இரண்டாம் எழுத்து 'ங்' ஒத்து வருகிறது. எட்டு வரியாகப் போட்டால் இவை 1, 3, 5, 7ஆம் வரிகளின் தலையில்தான் விழும். நடுவில் உள்ள சென்னி, புலவாய், புலவா, அறிந்தேன் ஆகியவை அந்த எதுகையில் சேரவே இல்லை. அடிதோறும் எதுகை எடுத்துத் தொடுப்பது நம் பாட்டுக்காரர்கள் வழக்கம். ஆகவே அடி நான்குதான். ஒவ்வோர் அடியிலும் ஆறு சீர். மா மா காய், மா மா காய்.

முதலெழுத்து ஒத்து வரும் மோனையும் இதையே சொல்லும். ஆறு பாட்டிலும் முதல் அடியை மட்டும் எடுத்து, முதற்சீரையும் நான்காம் சீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உழவர் – உடைநீர், மருங்கு – மணிப்பூ, பூவர் – புரிந்து. இவை கண்ணுக்கே தெரியும். திங்கள் – சென்னி, மன்னும் – வளையா, வாழி – மகவாய் என்ற மூன்றும் இன மோனை. தகரத்துக்குச் சகரமும் மகரத்துக்கு வகரமும் இனம், உயிரும் இனத்திலேயே அமைந்திருக்கிறது. ஆறு பாட்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. நான்காம் சீர் என்பது என்ன? உங்கள் எட்டு வரிப் பாடத்தில் இரண்டாம் வரியின் தலை. ஓர் அடியின் முன்பாதியையும் பின்பாதியையும் மோனை போட்டுப் பூட்டியிருக்கிறார் இளங்கோ. அந்தப் பூட்டைக் கழற்றி இரண்டு தனி வரியாக நீங்கள் போடக் கூடாது.

அதற்காகத் தாளைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. அரையடியாகவே மடக்குங்கள். 2, 4, 6, 8ஆம் வரிகளை மட்டும் நாலு எழுத்து அகலம் உள்ளே தள்ளிக் கோத்துவிடுங்கள். எதுகைச் சொற்கள் நான்கும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் நிற்கும். படிக்கிறவனுக்கு அடி நான்கு என்று சொல்லாமலே தெரியும்.

சிவப்பு மை விஷயம். றகரம் மொழி முதல் வராது என்பது சொல்லுக்கு உள்ள விதி. சீர் என்பது சொல் அல்ல, ஓசைத் துண்டு. 'என்று' என்பதன் கடைசியில் நிற்பது குற்றியலுகரம். அறிந்தேன் என்று உயிர் வந்து மோதினால் அந்த உகரம் ஓடிப்போய், றகர மெய்மேல் அகரம் ஏறிக்கொள்ளும். அப்போது பெருங்/கற்/பென் புளிமாங்காய் என்ற காய்ச்சீர், றறிந்/தேன் புளிமா என்ற மாச்சீர். கணக்குச் சரி. சந்தி பிரித்தவர் படிக்கச் சுலபமாக்கினார், பாட்டில் ஓர் அசை கூடிப்போயிற்று. மாதவியின் மூன்றாம் பாட்டில் 'ஒழியா தொழுக லுயிரோம்பும்' என்று வரும். அங்கே லகரம் சீருக்கு முதலில் நிற்கிறதே, அதற்கும் வட்டம் போடுவார்களா?

'கருங்கயற்கண்' இடிப்பதற்கு வகையுளி என்று பெயர். சொல்லை அதன் போக்கில் விடாமல் சீருக்காக நடுவில் வெட்டுவது. கருங்/க என்று ஒரு சீர், யற்/கண் என்று ஒரு சீர், விழித்/தொல்/கி மூன்றாவது. புளிமா, தேமா, புளிமாங்காய். வெட்டாமல் விட்டால் 'கயற்' ஒரே நிரையசையாகச் சுருண்டுவிடும், அரையடிக்கு ஏழு அசை வரவேண்டிய இடத்தில் ஆறுதான் வரும். எனக்கு வகையுளி பிடிக்காது. பையன்கள் எழுதிக்கொண்டு வந்தால் அடித்துவிடுவேன். ஆனால் பாடுகிற பாட்டில் அது காதை உறுத்துவதில்லை.

தன்னானே

நான் திருச்சியில் பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன மா மா காய் வேறொன்றுமில்லை, நம் 'தன்ன தன்ன தன்னானே'தான். தன்/ன, தன்/ன, தன்/னா/னே. 'கங்கை தன்னைப் புணர்ந்தாலும்' என்று பாடிப் பார்த்தால் வாய் தானாக அந்தச் சந்தத்தில் போய் உட்காரும். காய்ச்சீர் முடிகிற இடத்தில் மூச்சு வாங்கலாம். அதனால் அரையடியில் மடக்குவது பாடுகிறவர்களுக்கும் வசதி.

சுருக்காதீர்கள் அண்ணா. தயவுசெய்து சுருக்காதீர்கள். கீர்த்தனையில் பல்லவி திரும்ப வரும்போது அது அதே பல்லவிதான். இங்கே அப்படி இல்லை. முதல் தடவை 'கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய்' என்று ஆற்றைப் பார்த்துச் சொல்கிறான்: உன் கணவன் கங்கையோடு சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய். இரண்டாம் தடவை அதே வார்த்தை வாயில் வருகிறது, ஆனால் வாக்கியம் வேறு: 'கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவா தொழிதல்...' அப்படி நீ ஊடாமல் இருப்பது எதனால் தெரியுமா என்று காரணம் சொல்லப் போகிறான். திரும்ப வரும் வரிக்கு முன்னால் ஒரு செய்தி, பின்னால் அந்தச் செய்திக்கு விளக்கம். நடுவில் மடங்கி வருவதால் இடைமடக்கு என்பார்கள். அதை அடைப்புக்குறிக்குள் போட்டால் விளக்கம் தலையில்லாமல் நிற்கும்.

பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் ஒரு விளையாட்டு வைப்பேன். 'வாழி காவேரி'க்கு முன்னால் வரும் சொல்லை மட்டும் மூடிவிட்டு, என்ன சொல் என்று கேட்பேன். இரண்டாம் அடியில் கோவலனுக்குப் புலவாய், புலவாய், நடந்தாய். மாதவிக்கு நடந்தாய், நடந்தாய், ஒழியாய். நான்காம் அடியில் அவனுக்கு அறிந்தேன், அறிந்தேன், வளனே. அவளுக்கு அறிந்தேன், அறிந்தேன், அருளே. பன்னிரண்டு இடத்திலும் ஒரே அளவு, தனனா தனனா. நிரை நேர். பொருள் எவ்வளவு மாறினாலும் அந்தக் குழிக்குள் புளிமாவைத் தவிர எதுவும் இறங்காது. பிள்ளைகள் 'சிரித்தாய்', 'குதித்தாய்' என்றெல்லாம் போட்டுப் பாடுவார்கள். சந்தம் கெடாது. 'ஓடினாய்' என்று ஒருத்தி போட்டாள், எல்லோருக்கும் தட்டியது. ஓ/டினாய், நேர் நிரை.

அச்சுக்கோப்பன்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. ப்ரூஃபைத் திருத்தும்போது ஒன்று செய்து பார்த்தேன். கோவலன் பாட்டு இடப்பக்கம், மாதவி பாட்டு வலப்பக்கம் என்று எதிரெதிராக வைத்தேன். புத்தகத்தை விரித்தால் இரண்டும் ஒரே சமயத்தில் கண்ணில் படும். மாதவியின் முதல் பாட்டு:

மருங்கு வண்டு சிறந்தார்ப்ப
    மணிப்பூ ஆடை அதுபோர்த்துக்
கருங்க யற்கண் விழித்தொல்கி
    நடந்தாய் வாழி காவேரி
கருங்க யற்கண் விழித்தொல்கி
    நடந்த வெல்லாம் நின்கணவன்
திருந்து செங்கோல் வளையாமை
    அறிந்தேன் வாழி காவேரி

பக்கத்தில் வைத்ததும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சிறந்தார்ப்ப, நடந்தாய், செங்கோல், கயற்கண், எல்லாம் இடப்பக்கத்திலும் இருக்கிறது. சந்தம் ஒன்று என்பதால் சொல்லும் ஒன்றாக அமைந்துவிட்டதா? இல்லை அவள் வேண்டுமென்றே எடுக்கிறாளா?

கொள்ளிடத்தார்

கோத்துப் பார்த்த கண்ணுக்குப் படித்த கண்ணைவிடக் கூர்மை அதிகம். இதைத்தான் நான் வகுப்பில் சொல்லித் தொண்டை வற்றினேன்.

பாட்டு எந்த நேரத்தில் பாடப்படுகிறது என்பதை மறக்காதீர்கள். இந்திர விழா முடிந்து கடலாடப் போன இடம், புகார்க் கடற்கரை. மாதவி யாழைத் திருத்தி அவன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியைப் பாடுகிறேன் என்று தொடங்கி, சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், அதுதான் மாதரின் பெருங்கற்பு என்று அறிந்தேன் என்கிறான். அடுத்த பாட்டில் கங்கைக்குப் பதில் கன்னி, அதாவது குமரியாறு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? இவனுக்கு வேறு ஏதோ எண்ணம் என்று நினைக்கிறாள். 'கலவியால் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கி' என்கிறார் இளங்கோ. புலவாய், புலவாய் என்று அவன் இரண்டு பாட்டுப் பாடி முடித்த பிறகு, புலவியோடு யாழை வாங்குகிறாள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அவள் பாட்டில் 'புலவாய்' ஒரு இடத்திலும் இல்லை.

அவள் தொடங்குவது அவன் விட்ட இடத்தில். அவன் மூன்றாம் பாட்டில் 'விழவர் ஓதை சிறந்தார்ப்ப நடந்தாய் வாழி காவேரி' என்று முடிச்சைப் போட்டான். இவள் முதல் அடியிலேயே சிறந்தார்ப்ப, இரண்டாம் அடியில் நடந்தாய். அவன் ஊடலை வைத்த புளிமாக் குழியில் இவள் நடையை வைக்கிறாள்.

இப்போது மூன்றாம் அடியின் கடைசிச் சீருக்கு வாருங்கள். அவன் பாட்டில் அங்கே இருப்பது 'கயற்கண்ணாய்'. கயல் போன்ற கண்ணை உடையவளே என்று கொஞ்சுகிறான். இவள் அந்தக் கயற்கண்ணை அடியின் தலைக்குக் கொண்டுபோய் எதுகையாக்கிவிட்டு, காலியான ஆறாம் சீரில் 'நின்கணவன்' என்று வைக்கிறாள். பெண்ணின் கண் இருந்த இடத்தில் ஆணின் பொறுப்பு வந்து நிற்கிறது.

நான்காம் அடி இன்னும் கூர்மை. மூன்றாம் சீரைப் பாருங்கள். அவனுக்குப் பெருங்கற்பென், அவளுக்கு வளையாமை. இரண்டும் புளிமாங்காய். 'மங்கை மாதர் பெருங்கற்பென்று அறிந்தேன்' என்று அவன் சொன்னதற்கு, 'திருந்து செங்கோல் வளையாமை அறிந்தேன்' என்று அதே அளவில் பதில். காவிரி அமைதியாக நடப்பதற்குக் காரணம் அவளுடைய கற்பு என்கிறான் அவன். அவளுடைய கணவன் கோல் கோணாமல் இருப்பதுதான் காரணம் என்கிறாள் இவள். கோணினால்? அதைச் சொல்லவில்லை. அவனுடைய இரண்டாம் பாட்டில் 'வளையாச் செங்கோல்' என்று சும்மா ஓர் அடைமொழியாக வந்ததைப் பிடுங்கி, வாதத்தின் அச்சாணியாக்கிவிட்டாள். சந்தம் ஒன்றாக இருப்பதால்தான் இந்தப் பதில் காதில் விழுகிறது. வேறு யாப்பில் பாடியிருந்தால் எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பதில் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தளைதட்டி

வாத்தியார் பாடம் நடத்துவது நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகமாகப் படிக்கிறாரோ என்று தோன்றுகிறது. வரிப்பாட்டு என்றாலே வார்ப்புதான். மூன்று மூன்றாக அடுக்கி, ஓரிரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது அதன் குணம். கானல்வரியிலேயே 'புகாரே எம்மூர்' என்ற ஈறு கோவலன் பாட்டிலும் வருகிறது, மாதவி பாட்டிலும் வருகிறது. அதைப் பதிலடி என்று யாரும் சொல்வதில்லையே? செங்கோல், கயற்கண், மாலை எல்லாம் அரசனையும் ஆற்றையும் பாடும்போது எவர் வாயிலும் வருகிற சொற்கள். அடியார்க்குநல்லார் உரை கானல்வரிக்குக் கிடைக்காததால் ஆளாளுக்கு ஒரு நயம் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது.

இன்னொன்று. மா மா காய் அரையடியாய் ஆறு சீர் நான்கு அடி என்றால் அறுசீர் ஆசிரிய விருத்தம் என்று நேரே சொல்லிவிட வேண்டியதுதானே? அந்தப் பெயரை ஏன் யாரும் எடுக்கவில்லை?

கொள்ளிடத்தார்

பெயரை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அளவு அப்படியே விருத்தத்தின் அளவு, மறுக்கவில்லை. ஆனால் விருத்தத்தில் அடி திரும்ப வர வேண்டியதில்லை. ஒவ்வோர் அடியும் புதிதாக நடக்கும். இது ஆற்றுவரி என்று நூலே பெயர் சொல்லி வைத்திருக்கிற இசைப்பாட்டு. பிற்காலத்து லேபிளை ஒட்டினால் மடங்கி வரும் அடி 'கூடுதல்' என்று ஆகிவிடும். அப்புறம் நம் அச்சுக்காரத் தம்பியிடம் அதைச் சுருக்கச் சொல்வார்கள்.

'புகாரே எம்மூர்' நல்ல கேள்வி. அது ஈறு. இரண்டு பேரும் அதே ஊரில் நின்று பாடுகிறார்கள், அதே ஈறு வருகிறது. 'வாழி காவேரி' இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பதை நானும் பதிலடி என்று சொல்லவில்லையே. நான் சொன்னது ஈறு அல்லாத இடங்களை. மூன்றாம் அடியின் ஆறாம் சீர், நான்காம் அடியின் மூன்றாம் சீர். அங்கே வார்ப்பு எதையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு காய்ச்சீர் வேண்டும் என்பதோடு சரி. அந்தச் சுதந்திரமான இடத்தில் அவள் எதை வைக்கிறாள் என்பதுதான் என் பேச்சு.

நயம் நான் கற்பித்ததும் இல்லை. 'தானுமோர் குறிப்பினள்போல்' என்று கதை சொல்கிறவரே சொல்லிவிட்டார். அந்தப் 'போல்' உமக்கு ஒரு வாதம் தரும், எடுத்துக்கொள்ளும். அவள் மனத்தில் வேறு ஒருவன் இல்லை, இருப்பதுபோல் பாடினாள். ஆனால் பாட்டில் குறிப்பு இருக்கிறது என்பதை அந்தச் சொல் மறுக்கவில்லை. கோவலன் அதைக் கேட்டு 'மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்' என்று எழுந்து போகிறான். வெறும் வார்ப்புப் பாட்டைக் கேட்டா ஒருவன் எழுந்து போவான்?

தளைதட்டி

'போல்' பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆறாம் சீர் பற்றிச் சொன்னதும் சரி, அது ஈறு அல்ல. ஆனால் மூன்றாம் பாட்டை எப்படிச் சேர்ப்பீர்கள்? அங்கே கணவனும் இல்லை, செங்கோலும் இல்லை.

தன்னானே

நான் சொல்லலாமா? அவனுடைய மூன்றாவதிலும் கங்கை இல்லை, கன்னி இல்லை. உழவர் ஓதை, மதகோதை, உடைநீர் ஓதை, விழவர் ஓதை, மழவர் ஓதை என்று ஒரே சத்தம். 'ஓதை' என்ற சொல்லே தாளக்கட்டை தட்டுவதுபோல் விழும். எதுகையும் உழவர், விழவர், மழவர் என்று மூன்றெழுத்துக்கு நீளும். அந்தப் பாட்டு வந்தாலே பிள்ளைகளுக்குக் கை தானாகத் தட்டும். இரண்டு பேரும் மூன்றாவதில் பேச்சை நாட்டின் வளத்துக்குத் திருப்புகிறார்கள். 'அறிந்தேன்' இரண்டு பக்கமும் அங்கே காணாமல் போகிறது. அவன் சத்தத்தில் முடிக்கிறான். அவள் எப்படி முடிக்கிறாள் பாருங்கள்:

வாழி யவன்றன் வளநாடு
    மகவாய் வளர்க்குந் தாயாகி
ஊழி யுய்க்கும் பேருதவி
    ஒழியாய் வாழி காவேரி
ஊழி யுய்க்கும் பேருதவி
    ஒழியா தொழுக லுயிரோம்பும்
ஆழி யாள்வான் பகல்வெய்யோன்
    அருளே வாழி காவேரி

அவன் நாட்டைப் பிள்ளையாக வளர்க்கும் தாய். முதல் இரண்டு பாட்டில் மனைவியாக இருந்த காவேரி இங்கே தாயாகிவிட்டாள். பாடும்போது எனக்கு இந்த இடத்தில் குரல் தணிந்துவிடும். சொல்லிக்கொடுப்பவள் அப்படிச் செய்யக் கூடாது, தாளம் தளரும்.

கொள்ளிடத்தார்

அம்மா சொன்னதோடு ஒரு கணக்கு. மற்ற ஐந்து பாட்டிலும் இரண்டாம், மூன்றாம் அடிகளில் மோனைப் பூட்டு இல்லை. கங்கை – புலவாய், கருங்க – நடந்தாய் என்று சும்மா விட்டிருக்கிறார். இந்தப் பாட்டில் மட்டும் நான்கு அடியிலும் இருக்கிறது. வாழி – மகவாய், ஊழி – ஒழியாய், ஊழி – ஒழியா, ஆழி – அருளே. ஊகாரத்துக்கு ஒகரம் இனம், ஆகாரத்துக்கு அகரம் இனம். எதுகையும் வாழி, ஊழி, ஊழி, ஆழி என்று அட்சரம் பிசகவில்லை. போதாதற்கு ஈற்றிலே வரும் 'வாழி' என்ற சொல்லே முதல் அடியின் தலையில் எதுகையாகவும் உட்கார்ந்திருக்கிறது. 'வாழி' என்று தொடங்கி 'வாழி காவேரி' என்று முடியும் பாட்டு ஆறில் இது ஒன்றுதான். அவள் வாக்குவாதத்தை முடித்துவிட்டு வாழ்த்துக்கு வந்துவிட்டாள், ஓசையும் அங்கே இறுகிவிட்டது என்று நான் படிக்கிறேன். தளைதட்டி ஐயா வேறு மாதிரி படிக்கலாம்.

அச்சுக்கோப்பன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிவு இப்படி. அரையடியாக மடக்கி, இரட்டைப்படை வரிகளை உள்ளே தள்ளிவிட்டேன். மடங்கி வரும் அடியைச் சுருக்கவில்லை. பக்கம் கூடுகிற செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், பெரிய தொகை ஒன்றும் இல்லை. 'றறிந்தேன்' பற்றி ஐயா எழுதியதை அப்படியே ப்ரூஃபோடு பின் அடித்து அனுப்பினேன். இந்தத் தடவை வட்டம் இல்லை. ஆனால் சந்தி பிரிக்காவிட்டால் மாணவர்களுக்குப் புரியாது என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பாட்டைச் சீர் பிரித்தபடியே வைத்து, பக்கத்தின் அடியில் 10 பாயிண்டில் சந்தி பிரித்த உரைநடை வரிகளைக் கொடுக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மாதவியின் இரண்டாம் பாட்டு ஜெராக்ஸில் 'பூவர் சோலை', இணையப் பாடத்தில் 'பூவார் சோலை'. எதைப் போட?

கொள்ளிடத்தார்

அசைக் கணக்கில் இரண்டும் தேமாதான், சந்தம் தீர்ப்புச் சொல்லாது. பொருளும் பூ நிறைந்த சோலைதான். எதுகையைப் பார்த்தால் அந்தப் பாட்டில் பூவர், காமர், காமர், நாம. இரண்டாம் எழுத்து வ, ம, ம, ம என்று முதல் அடி தனியாக நிற்கிறது. கண்டிப்பான எதுகை அங்கே இல்லை. ஆனால் பூவர் – காமர் என்று சொல்லும்போது முன்னால் நெடிலும் பின்னால் 'அர்' ஓசையும் ஒத்து வந்து காதைச் சமாளித்துவிடுகின்றன. 'பூவார்' என்றால் அந்தப் பிடியும் போய்விடும். ஜெராக்ஸில் உள்ளபடி 'பூவர்' என்றே போடுங்கள். காமரையும் யாராவது 'காமார்' என்று திருத்திவிடாமல் கடைசி ப்ரூஃபில் ஒரு கண் வையுங்கள்.